செகண்ட்ஸ் டிசையரும் எட்டியோஸ் டயரும்: பாளையில ஒரு டயர்கடை அனுபவம்

இது டயர்கடைக்கு எழுதுத ரிவியூதான், ஆனா கார் வாங்குன இடத்துல இருந்து சொன்னாத்தான் அந்த அண்ணாச்சி எனக்கு என்ன செஞ்சாவன்னு வெளங்கும், அதனால கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கிடுங்க.

கார் 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் விடிஐ, டீசல். ஒரு புரோக்கர் மூலமா வாங்குனேன், ஆளு பேரு ஊரு எதுவும் இங்க வேண்டாம். வாங்கும்போது நான் ஒண்ணும் கண்ண மூடிக்கிட்டு வாங்கல கேட்டியளா, தெரிஞ்ச மெக்கானிக்க கூட்டிட்டுப் போயி இஞ்சின் பாத்தாச்சு, அடியில துரு பாத்தாச்சு, ஆர்சி புக்கு, இன்சூரன்சு, லோன் பாக்கி இருக்கா இல்லையான்னு எல்லாம் பாத்தாச்சு, கிளட்ச்சு அமுக்கி அமுக்கி காலு வலிச்சதுதான் மிச்சம். பாக்காம விட்டது டயர் ஒண்ணுதான். பாக்கலன்னு சொல்ல முடியாது, பாத்தேன், நாலும் கருகருன்னு இப்பதான் எண்ணெய் தேச்சு குளிச்சுட்டு வந்த மாதிரி மின்னுச்சு, புரோக்கரு வேற காலால ஒரு உதை உதைச்சு "டயர் நாலும் 80 பர்சென்ட் இருக்கு சார், இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீங்க தொடவே வேண்டாம்"னாரு, நானும் சரின்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். உதைச்சா டயர்ல என்ன தெரியும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, ஆனா கார் வாங்கப் போற எல்லாரும் உதைக்கோம்.

வாங்குன மொத மாசம் நான் இருந்த இருப்பே வேற. டேங்க் ஃபுல் பண்ணி மறுபடி ஃபுல் பண்ணி கணக்கு பாத்தா 30 லிட்டருக்கு 700 கிலோமீட்டர், அதாவது லிட்டருக்கு 23க்கு மேல. வீட்டுல, ஆபீஸ்ல, கல்யாண வீட்டுப் பந்தியில, யாரு கேட்டாலும் கேக்காட்டியும் இந்தக் கணக்க சொல்லிக்கிட்டே இருந்தேன். என் மச்சான் ஒருத்தன் அதே வண்டி வச்சிருக்கான், அவனுக்கு 21 தான் குடுக்குன்னதும் "உனக்கு ஓட்டத் தெரியலடே, கியர பாத்து மாத்தணும்"னு கிளாஸ் வேற எடுத்தேன். இத ஞாபகம் வச்சுக்கிடுங்க, பொறவு வரும்.

அடுத்து ஸ்பீடு பிரேக்கர். பாளை மகராஜநகர்ல இருந்து ஐகிரவுண்டு போறதுக்குள்ள எத்தன மேடு இருக்குன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். நான் ஒருத்தன் மட்டும் போனா ஒண்ணும் இல்ல, பின்னாடி மூணு பேரு ஏறிட்டா அடி தட்டும், கர்ர்ர்னு ஒரு சத்தம், நம்ம வயித்துலயே உரசுன மாதிரி இருக்கும். ஒரு நா பாபநாசத்துக்கு குடும்பத்தோட போயிட்டு வரும்போது எட்டு எடத்துல தட்டுச்சு, எங்க வீட்டம்மா எண்ணிக்கிட்டே வந்தா. மெக்கானிக்கட்ட காட்டுனா ஸ்பிரிங்கு தளந்துருக்கும், ஷாக் அப்சார்பர் நாலும் மாத்திருவோம், 11,000 ஆவும்னாரு. நல்ல வேள அந்த மாசம் கையில துட்டு இல்ல.

மூணாவது ஒண்ணு கவனிச்சேன், ஃபோர்வேல போகும்போது மீட்டர்ல 90 காட்டுது, போன்ல மேப்பு 80 சொச்சம்தான் காட்டுது. மீட்டர் எப்பவும் கொஞ்சம் கூடத்தான் காட்டும்னு தெரியும், ஆனா இவ்வளவா? போன்ல டவர் சரியில்லன்னு நெனச்சுட்டு விட்டுட்டேன். மூணும் ஒரே நோயோட மூணு அறிகுறின்னு அன்னைக்கு எனக்குத் தோணல.

வெளங்குனது நாங்குநேரிக்கும் மூன்றடைப்புக்கும் நடுவுல, பதநீ விக்கிறவ நிழல் போட்டு உக்காந்திருப்பாவல்லா, அந்த மாதிரி ஒரு எடத்துல. வள்ளியூர் மாமியார் வீட்டுக்குப் போயி மாமியாரையும் கூட்டிக்கிட்டுத் திரும்புத வழி, மத்தியானம் ரெண்டு மணி, முன்னாடி இடது டயர் காத்து போச்சு. எறங்கி, டிக்கி சாமான் பூரா வெளிய எடுத்து (மாமியார் ஒரு மாசத்துக்கு உள்ள தேங்கா, முருங்கைக்கா, பனங்கிழங்கு எல்லாம் ஏத்தியிருந்தாவ), ஸ்டெப்னிய கழட்டி ரோட்டோரம் உருட்டிட்டு வந்து கார் பக்கத்துல சாச்சு வச்சேன். நான் ஜாக்கிய தேடிக்கிட்டு இருக்கும்போது மாமியார் எங்க வீட்டம்மாட்ட கேக்காவ, "ஏட்டி, இந்த டயரு என்ன உசரமா இருக்கு, வேற வண்டியோடதா?"

நான் திரும்பிப் பாக்கேன், ஆமா. ஸ்டெப்னி மத்த டயர விட ஒரு ரெண்டு வெரக்கட மேல தூக்கலா நிக்கி. சரி, மத்ததுல பாரம் இருக்கு, அமுங்கி இருக்கும்னு சமாதானம் சொல்லிக்கிட்டு மாட்டப் பாத்தா ஏற மாட்டேங்கு, ஜாக்கிய இன்னும் கொஞ்சம் சுத்தி ஏத்துனாத்தான் டயரு உள்ள போவுது. மாட்டி முடிச்சு இறக்குனா வண்டி இடது முன்பக்கம் லேசா மூக்க தூக்கிக்கிட்டு நிக்கி. ஓட்டுனா வலது பக்கமா, அதாவது மீடியன் பக்கமா இழுக்கு, ஸ்டியரிங்க விட்டா அந்தப் பக்கமே போவுது. 40ல பைய ஓட்டிட்டு நாங்குநேரிக்கு இந்தப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில நிறுத்துனேன். அந்தப் பையன் டயர சோப்புத் தண்ணியில பாத்துட்டு "அண்ணே இதுல ஏற்கெனவே ரெண்டு எடத்துல திரி வச்சிருக்கு, மூணாவது இப்ப நான் வைக்கேன், ஆனா நாளைக்கே நல்ல கடையா பாத்து நாலையும் காட்டிருங்க, ஸ்டெப்னி சைசும் இதும் வேற வேற"ன்னான். அவன் 150 ரூவாதான் வாங்குனான், அவனுக்குத் தனியா ஒரு ரிவியூ போடணும்.

அடுத்த நாளு வந்ததுதான் இந்தக் கடை. பெரிய ஷோரூம் எல்லாம் இல்ல, ரெண்டு ஷட்டர், ஒரு அலைன்மென்ட் பள்ளம், ஒரு பேலன்சிங் மிஷின், வாசல்ல ஒரு வேப்பமரம். அண்ணாச்சிக்கு அறுபது வயசு இருக்கும், வெள்ள வேட்டி, காதுல பேனா. நான் போனதும் "நாலு டயர் வேணும் அண்ணாச்சி, 175/65 ஆர் 14, என்ன வெல?"ன்னு கேட்டேன். வண்டியில மாட்டியிருந்த சைச படிச்சு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன் பாத்துக்கிடுங்க, பெரிய அறிவாளின்னு நெனப்பு. வேற கடையா இருந்தா அந்த எடத்துலயே கதை முடிஞ்சிருக்கும், அதே சைசுல புதுசு நாலு மாட்டி பில்லு போட்டு அனுப்பியிருப்பாவ, நானும் சந்தோசமா வந்திருப்பேன். இவிய டயர பாக்கல, நேரா டிரைவர் கதவத் தொறந்தாவ.

கதவத் தொறந்தா உள்பக்கம் தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பாத்திருக்கியளா? நான் இத்தன நாளும் பாத்தும் பாக்கல. அதுல கம்பெனி சொல்லுத டயர் சைசும் காத்து எவ்வளவு அடிக்கணும்ங்கிறதும் போட்டிருக்கு. என் வண்டிக்கு 165/80 ஆர் 14. "தம்பி, நீங்க கேட்ட சைசு இந்த வண்டிக்கு உள்ளது இல்ல, இது எட்டியோஸ்க்கு வரது, டியாகோக்கு வரது. டயர் உக்காருத டிஸ்க்கு ரெண்டுக்கும் 14 இஞ்ச்தான், அதனால உக்காந்துக்கிடும், உக்காந்துக்கிட்டா சரின்னு ஆயிருமா? எவனோ டாக்ஸியில இருந்து கழட்டுனத உங்க தலையில கட்டியிருக்கான்"னாவ.

பொறவு ஒரு சுண்ணாம்புக் கட்டிய எடுத்து தரையிலயே கணக்கு போட்டு காட்டுனாவ, நான் காலேஜ்ல படிச்சதெல்லாம் சும்மா. 165ங்கிறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 80ங்கிறது அந்த அகலத்துல 80 பர்சென்ட் பக்கச்சுவரோட உசரம், அப்ப 132. மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டையும் கூட்டி நடுவுல 14 இஞ்ச் டிஸ்க்க சேத்தா மொத்த உசரம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். என் வண்டியில கெடந்ததுக்கு அதே கணக்கு போட்டா 175ல 65 பர்சென்ட், 114 கூட இல்ல, மொத்தம் 583. கிட்டத்தட்ட 37 மில்லிமீட்டர் குட்டை. அதுல பாதி, 18 மில்லிமீட்டர், வண்டி அப்படியே தரைய நோக்கி இறங்கியிருக்கு. கம்பெனி தரையில இருந்து 170 மில்லிமீட்டர் கிளியரன்சு குடுத்து அனுப்புன வண்டி 152ல ஓடிக்கிட்டு இருந்திருக்கு, நான் ஷாக் அப்சார்பர் மாத்த அலைஞ்சிருக்கேன்!

அடுத்து சொன்னாவ பாருங்க, அதுதான் நெஞ்சுல குத்துச்சு. சின்ன டயர் ஒரு சுத்துக்கு கம்மி தூரம்தான் போவும், ஆனா மீட்டருக்கு அது தெரியாது, அது கம்பெனி டயர்தான் சுத்துதுன்னு நெனச்சு எண்ணிக்கிட்டே இருக்கும். 100 கிலோமீட்டர் ஓடுனா மீட்டர் 106 காட்டும். அப்ப எனக்கு கெடச்ச 700 கிலோமீட்டர் உண்மையில 660 கூட இல்ல, 23 மைலேஜ் என்கிறது 22க்கும் ஒரு நூல் கம்மி. நான் மச்சானுக்கு எடுத்த கியர் கிளாஸ் மொத்தமும் டயர் சொன்ன பொய். அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே "ஊருல புரோக்கருமாரு மீட்டர குறைச்சு வச்சு விப்பானுவ, மீட்டர கூட்டி ஓட விட்ட புரோக்கர இப்பதான் பாக்கேன்"னாவ. கடையில நின்ன நாலு பேரும் சிரிச்சானுவ, நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய.

நான் நம்பலன்னு இல்ல, ஆனாலும் பொறவு ஒரு நா ஃபோர்வேல கிலோமீட்டர் கல்ல வச்சு பாத்தேன், போன்ல டிரிப் போட்டும் பாத்தேன். அத கடைசியில சொல்லுதேன்.

சைசு மட்டும் தப்புன்னா பரவால்லன்னு சொல்லுத அளவுக்கு மத்தது இருந்துச்சு. அண்ணாச்சி ஒரு டார்ச்ச வாங்கிக்கிட்டு ஒவ்வொரு டயரா படிச்சாவ, படிச்சாவன்னுதான் சொல்லணும், கல்வெட்டு படிக்க மாதிரி. டயர் பக்கச்சுவருல டிஓடின்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் வரும், அதுல கடைசி நாலு எண்ணுதான் பொறந்த தேதி, மொத ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு வருசம். அந்த முழு நம்பரு டயரோட ஒரு பக்கத்துலதான் இருக்கும், என் வண்டியில ரெண்டு டயர்ல அந்தப் பக்கம் உள்ள, இஞ்சின் பக்கமா திரும்பி இருந்துச்சு, நின்னு பாத்தா தெரியாது. தூக்கி வச்சு பாத்தா ஒண்ணு 4115, அதாவது 2015ல 41வது வாரம். இன்னொண்ணு 2016. மத்த ரெண்டும் 2019. நாலு டயரும் மூணு கம்பெனி. அதுல ஒண்ணு உள்பக்கம் வெளிப்பக்கம் பாத்து மாட்ட வேண்டிய வகை, அவுட்சைடுன்னு இங்கிலீஷ்ல கொட்டையா எழுதியிருக்கு, அந்த எழுத்தும் உள்ளதான் இருந்துச்சு. "எழுத படிக்கத் தெரியாதவன் மாட்டல தம்பி இது, தெரிஞ்சவன் மாட்டுனது, தேதிய மறைக்கணும்னா இந்தப் பக்கந்தான் திருப்பணும்"னாவ அண்ணாச்சி. அது அவிய கணிப்பு, உண்மையா இல்லையான்னு அந்த புரோக்கருக்குத்தான் வெளிச்சம்.

பாலிஷ். அந்தக் கருப்பு மினுமினுப்ப பெட்ரோல் நனைச்ச துணியால ஒரு தொட தொடச்சு, பக்கச்சுவர கட்டவெரலால வளச்சு காட்டுனாவ, அடியில கோடை காலத்துக் கொளத்து மண்ணு மாதிரி வெடிப்பு வெடிப்பா இருக்கு. பட்டன், அதாவது டயர்ல தரையில படுத ரப்பர் கட்டி, இருந்துச்சு, அத மறுக்க முடியாது, டயர் பள்ளத்துக்குள்ள சின்ன சின்ன திட்டு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உசரத்துக்கு, டயர் தேஞ்சு அந்தத் திட்டும் பட்டனும் சமமா ஆச்சுன்னா மாத்தணும், என்னோடது அதுக்கு மேலதான் இருந்துச்சு, புரோக்கரு சொன்ன 80 பர்சென்ட் கூட பொய் இல்ல போல. ஆனா ரப்பர் வயசாயி காஞ்சு போச்சுன்னா பட்டன் இருந்து என்ன? அஞ்சு வருசத்துக்கு மேல ஆனா வருசா வருசம் காட்டணும், பத்து ஆச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போட்டுரணும்னு டயர் கம்பெனிக்காரங்களே சொல்லுதாவளாம். நம்ம ஊரு வெயில்ல தார் ரோட்டுல நிக்க வண்டிக்கு அந்தக் கணக்க இன்னும் கொஞ்சம் குறைச்சுத்தான் பாக்கணும்ங்கிறது அண்ணாச்சி சேத்துக்கிட்டது.

சைசு பக்கத்துல 82டின்னு ஒண்ணு போட்டிருக்கும். அந்த 82 பாரத்துக்கு உள்ள எண், ஒரு டயர் 475 கிலோ தாங்கும். என் வண்டிக்கு வரவேண்டியது 85, 515 கிலோ. ஒரு டயருக்கு 40 கிலோ வித்தியாசம். "இதனால நாளைக்கே வெடிச்சுரும்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி பயங்காட்டி விக்கிற யாவாரம் எனக்கு வேண்டாம். ஆனா வெடிப்பு விட்ட டயரு, மூணு திரி, அதுலயும் ஏழு பேர ஏத்திக்கிட்டு கத்திரி வெயில்ல ஃபோர்வேல 100ல போவிய, எல்லாம் ஒண்ணா சேரும்போதுதான் சோலி கெடும்"னாவ. ஏழு பேருன்னு எப்படி கண்டுபிடிச்சாவன்னு தெரியல, பின்சீட்டுல கெடந்த செருப்ப எண்ணியிருப்பாவ போல.

இப்ப யாவாரத்துக்கு வருவோம், நான் இந்தக் கடைய விட்டுக்குடுக்காம பேசுததுக்கு காரணம் இங்கதான் இருக்கு. நான் மொதல்ல கேட்டது, கையில துட்டு கம்மி, இப்ப ரெண்டு மட்டும் போட்டுக்கிடுதேன், அடுத்த மாசம் ரெண்டு. ஒரே சைசா இருந்தா அப்படி செய்யலாம், ரெண்டு புதுசையும் பின்னாடி மாட்டிரலாம், ஆனா முன்னாடி ஒரு சைசு பின்னாடி ஒரு சைசு போட்டு அனுப்ப மாட்டேன்னுட்டாவ. புதுச முன்னாடிதான மாட்டுவாவ, இது முன்சக்கரம் இழுக்குத வண்டியாச்சேன்னு கேட்டேன், மழையில பின்பக்கம் வழுக்குனா வண்டி அப்படியே சுத்திரும், முன்பக்கம் வழுக்குனாலாவது பிரேக்க விட்டு ஸ்டியரிங்க நேராக்கிக்கிடலாம், அதான் பின்னாடின்னாவ. இது எனக்குப் புதுசு.

பொறவு எனக்கு ஆச விட்டுச்சு. செலவழிக்கதுதான் செலவழிக்கோம், அலாய் வீலு போட்டு 185/65 ஆர் 15 போட்டுருவோமா, மேல்மாடல் டிசையருக்கு கம்பெனியே அதத்தான குடுத்தான்னேன். அண்ணாச்சி சொன்னாவ, போடலாம், தப்பில்ல, உசரம் ரெண்டுக்கும் ரெண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், மீட்டர் சரியா காட்டும், ஆனா ஸ்டியரிங்கு கொஞ்சம் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் அடிபடும், டயர் மட்டும் இல்லாம நாலு அலாயும் வாங்கணும், "உங்களுக்கு எதுக்கு தம்பி, இருக்க டிஸ்க்கு நல்லா இருக்கு"ன்னாவ. 30,000க்கு மேல விக்க வேண்டிய எடத்துல ஒரு கடைக்காரரு எதுக்கு தம்பிங்காரு! நான் வேற எந்தக் கடையிலயும் இந்த வார்த்தைய கேட்டதே இல்ல.

கடைசியில எம்ஆர்எஃப் 165/80 ஆர் 14 நாலு. ஒரு டயர் 4,450, வரி உள்பட. 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சுல்லா, அதுக்கு முன்னால வாங்கியிருந்தா நல்லா எகிறியிருக்கும். வால்வு நாலு 200, பேலன்சிங் நாலுக்கு 400, அலைன்மென்ட் 400, ஆக மொத்தம் 18,800. பழைய வால்வையே வச்சுக்கிடலாமான்னு கேட்டேன், டயருக்கு 17,000 குடுப்பிய, 50 ரூவா வால்வுல காத்து எறங்கி திரும்ப எங்கிட்டதான் வருவியன்னு ஒரு பார்வ. மாட்டுததுக்கு முன்னால ஒவ்வொரு டயர் தேதியும் என்னையே படிக்கச் சொன்னாவ, நாலும் மாட்டுததுக்கு மூணு மாசத்துக்கு உள்ள வந்த சரக்கு, ஐஎஸ்ஐ முத்திரையும் அதோட உள்ள ஐஎஸ் 15633 நம்பரும் எங்க இருக்குன்னும் காட்டுனாவ. பில்லுல டயர் நம்பரோட எழுதித் தந்தாவ.

ஸ்டெப்னி மேல எனக்கு ஒரு கண்ணு இருந்துச்சு, கம்பெனி சைசு, பட்டன் நூத்துக்கு நூறு, மூணு டயர் வாங்கிட்டு அத நாலாவதா போட்டுக்கிடலாமான்னு. நேத்து ஒரு நாளு ஓடுனது தவிர தரையவே பாக்காத டயரு. அதோட தேதி 2014. வண்டியோட பொறந்தது. பாக்க கன்னி கழியாத மாதிரி இருக்கு, வயசு வண்டி வயசு. அவசரத்துக்கு பஞ்சர் கடை வரைக்கும் போக வச்சுக்கிடுங்க, அதுக்கு மேல நம்பாதியன்னு சொல்லி டிக்கியிலயே போட்டுட்டாவ. இன்னொரு விசயமும் சொன்னாவ, சைசு வித்தியாசமான ஸ்டெப்னிய என்னைக்காவது போட வேண்டி வந்தா, இழுக்குத சக்கரத்துல, அதாவது நம்மளுக்கு முன்னாடி, போடக்கூடாதாம், பின்னாடி இருக்க நல்ல டயர கழட்டி முன்னாடி மாட்டிட்டு ஸ்டெப்னிய பின்னாடி மாட்டணுமாம். அன்னைக்கு ரோட்டோரத்துல அந்த வெயில்ல ரெண்டு தடவ ஜாக்கி ஏத்தியிருப்பேனான்னு கேட்டா, மாட்டேன்தான்.

பழைய டயர் நாலையும் என்ன செய்யன்னு கேட்டேன். வெளிய ஒருத்தரு ஒண்ணுக்கு 400 தாரேன்னு அங்கயே நின்னுக்கிட்டு இருந்தாரு. அண்ணாச்சி 2019 டயர் ரெண்ட மட்டும் எடுத்துக்கிட்டு, அதுவும் எட்டியோஸ்காரன் எவனாவது ஸ்டெப்னிக்கு கேட்டா தேதிய சொல்லிக் குடுப்பேன்னு சொல்லி 600 கழிச்சாவ, 2015ம் 2016ம் ரெண்டையும் என் கண்ணு முன்னாலயே பக்கச்சுவர கத்தியால கிழிச்சு ஓரமா எறிஞ்சாவ. "இத அவன் கையில குடுத்தா நாளைக்கு பாலிஷ் போட்டு இன்னொருத்தன் வண்டியில ஏறிரும், அவன் இங்கயேதான் வந்து நிப்பான்." ஆக நான் குடுத்தது 18,200.

சரி, குறையும் இருக்கு, அதையும் சொல்லணும். அன்னைக்கு மாதாந்திர பராமரிப்புன்னு காலையில இருந்து கரண்டு கெடயாது, ஜெனரேட்டர்ல காத்து மிஷின் ஓடுச்சு, அலைன்மென்ட் மிஷின் ஓடல, மறுநா காலையில திரும்ப வரச் சொல்லிட்டாவ. போன்ல முன்னாடியே சொல்லியிருக்கலாம். மறுநா போனா எனக்கு முன்னால ஆறு வண்டி, உக்கார ரெண்டே ரெண்டு சேரு, அதுல ஒண்ணுக்கு மூணு காலு. வேப்பமரம் இல்லன்னா நான் பொசுங்கியிருப்பேன். இன்னொண்ணு, வேல பாக்குத பையனுவ நட்ட கன் மிஷினால தட தடன்னு முறுக்கி விடுதானுவ, அண்ணாச்சி பாத்துட்டு கையால திருப்பி செக் பண்ணுனாவ, நம்ம வண்டிக்கு பண்ணுனாவ, அவிய சாப்பிடப் போயிருந்தா யாரு பண்ணுவா? ரோட்டுல நம்ம கழட்டணும்னா அந்த முறுக்கு கழட்ட வராது, மாட்டுன உடனே நம்ம ஸ்பேனரால ஒருக்க தொட்டுப் பாத்துக்கிடுங்க. வீல் கேப்பு மாட்டும்போது ஒரு பையன் ஒண்ண அழுத்துனதுல கிளிப்பு படக்குன்னு ஒடஞ்சு போச்சு, வாங்கி வைக்கேன்னு சொல்லியிருக்காவ.

புரோக்கர்ட்ட பேசாம இருப்பேனா? போன போட்டேன். "சார், நான் வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு, டயரு பாத்துதான வாங்குனிய"ன்னாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, பாத்துதான் வாங்குனேன். கூட பேசுனா "உங்களுக்கு மைலேஜ் நல்லா குடுக்குன்னு நீங்கதான சார் போன் பண்ணி சொன்னிய"ன்னு வேற கேட்டுட்டாரு, வச்சுட்டேன். இப்ப யாராவது செகண்ட்ஸ் வாங்கப் போறேன்னு எங்கிட்ட வந்தா ரெண்டே விசயந்தான் சொல்லுதேன், டிரைவர் கதவத் தொறந்து ஸ்டிக்கர படி, டிக்கியத் தொறந்து ஸ்டெப்னிய படி, ரெண்டும் ஒண்ணா இருந்து வெளிய ஓடுத நாலும் வேறயா இருந்தா அங்கயே வெலையில 20,000 கொறச்சு கேளு.

மாட்டி ஒன்றரை மாசம் ஆச்சு, 2,000 கிலோமீட்டர் ஓட்டியாச்சு. ஃபோர்வேல கல்ல எண்ணிப் பாத்தேன்னு சொன்னேன்லா, பழைய டயர்ல மொத நாளு 20 கல்லுக்கு மீட்டர் 21 தாண்டி ஓடி வச்சிருந்தத எழுதி வச்சிருந்தேன், அது தற்செயலா எழுதுனது, இப்ப 20க்கு 20 தான், ஒரு பாயிண்ட் அங்கிட்டு இங்கிட்டு. ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டல, போன வாரம் பாபநாசம் போயிட்டு வந்தோம், அதே ஆளுக, எங்க வீட்டம்மா எண்ணுததுக்கு ஒண்ணும் கெடைக்கல. ரோட்டுச் சத்தம் பாதியா கொறஞ்சிருக்கு, மேடு பள்ளத்துல மெத்துன்னு போவுது, பக்கச்சுவரு உசரமா இருக்கதால அப்படித்தான் இருக்கும்னாவ. வளைவுல லேசா சாயுத மாதிரி ஒரு உணர்வு மொத வாரம் இருந்துச்சு, இப்ப பழகிட்டு. மைலேஜ் 21.6. மச்சான் வீட்டுக்கு போயிருந்தப்ப அத்தன பேரு முன்னாலயும் "இப்ப எவ்வளவு மாமா குடுக்கு?"ன்னு கேட்டான், எப்படியோ விசயம் அவனுக்குப் போயிட்டு, எங்க வீட்டம்மா வேலையாத்தான் இருக்கும்.

போறவிய காலையில ஒம்பதரைக்கு முன்னால போயிருங்க, மத்தியானம் ஒரு மணிக்கு மேல அண்ணாச்சி சாப்பிடப் போயிருவாவ, பையனுவ மட்டும்தான் இருப்பானுவ. கரண்டு உண்டா இல்லையான்னு போன்ல கேட்டுட்டு போங்க. நாலு ஸ்டார் போட்டிருக்கேன். அஞ்சாவது ஸ்டாரு வீல் கேப்பு கிளிப்பு வந்ததும்.